சிங்கத்துக்குப் பயந்தது போதும், பெல்ட்டைப் போடுங்கள்

நேற்று இரவு மறுபடியும் ஒரு முதுகெலும்பு முறிவு. 62 வயது அம்மா, மகன் மருமகளோடு தான்சானியாவின் செரங்கெட்டி வனவிலங்குப் பூங்காவைப் பார்க்க வந்தவர். வண்டி கவிழவில்லை, எதிலும் மோதவில்லை. சக்கரம் ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியது, கடைசி இருக்கையில் இருந்தவர் ஒரு சாண் எழும்பி சடாரென்று உட்கார்ந்தார், அவ்வளவுதான். எக்ஸ்ரேயில் இடுப்பு முள்ளெலும்பு முன்பக்கம் நசுங்கி ஆப்பு மாதிரி தெரிந்தது. "விபத்தே நடக்கலையே டாக்டர், சுளுக்காத்தானே இருக்கும்?" என்று மகன் திரும்பத் திரும்பக் கேட்டார். இரண்டு நாள் தைலம் தேய்த்து, அதே இருக்கையில் உட்காரவைத்துக் கூட்டிக்கொண்டு சுற்றியிருக்கிறார்கள்.

நான் தான்சானியாவின் அருஷா நகரில் எலும்பு மருத்துவர். வருகிறவர்கள் சிங்கம் வண்டிக்குள் பாயுமா, கூடாரத்தை யானை மிதிக்குமா என்றெல்லாம் கேட்கிறார்கள். வண்டியை விட்டு இறங்காமல் கைடு சொல்வதைக் கேட்டாலே அந்தப் பயத்தில் பெரும்பகுதி தீர்ந்தது. என்னிடம் வருகிறவர்களைப் படுக்கவைத்தது ஒரு முகாமிலிருந்து அடுத்த முகாமுக்குப் போகிற சாலை.

"பூங்காவுக்குள் 50 கிலோமீட்டர் வேகம்தானே, பெல்ட் எதற்கு?" இதைக் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது. 50 கிலோமீட்டர் வேகத்தில் போகிற வண்டி சட்டென்று நின்றால், பெல்ட் போடாத உடம்பு அதே வேகத்தில் முன்னால் போய் இடிக்கும். சுமார் பத்து மீட்டர் உயரத்திலிருந்து, அதாவது மூன்றாவது மாடியிலிருந்து விழுந்தால் தரையில் என்ன வேகத்தில் மோதுவோமோ அதே வேகம். மூன்றாவது மாடிக் கைப்பிடிச் சுவரில் குழந்தையை உட்காரவைப்பீர்களா? ஓடுகிற வண்டியின் திறந்த கூரையில் பிள்ளையை நிற்கவைத்துப் படம் எடுப்பதும் அதுதான். குறுக்கே ஒரு காட்டுப்பன்றி ஓடினால் போதும், டிரைவர் பிரேக் மிதித்தே ஆக வேண்டும். கூரை, வண்டி நின்ற பிறகு எழுந்து பார்ப்பதற்கு. ஓடும்போது உட்காருங்கள்.

அருஷாவிலிருந்து செரங்கெட்டி போகிற வழியில் கொரோங்கோரோ காப்பகத்தின் லோடுவாரே வாயிலோடு தார் ரோடு முடிகிறது. அங்கிருந்து செரங்கெட்டியின் நாபி குன்று வாயில், அப்புறம் பூங்காவின் நடுவில் இருக்கிற செரோனெரா வரைக்கும் மண்ணும் சரளையும், வாஷிங் போர்டு மாதிரி வரிவரியாக. வேகமாகப் போனால் வண்டி வரிகளின் முகட்டிலேயே மிதந்து போகும், குலுக்கல் குறையும். ஆனால் சக்கரத்துக்குத் தரையில் பிடிப்பும் குறையும், வளைவில் வண்டி வழுக்கும். டிரைவர்களுக்கு இது தெரியாமல் இல்லை. பூங்கா அனுமதி 24 மணி நேரக் கணக்கு, தாண்டினால் மறுபடி கட்டணம். இருட்டுவதற்குள் முகாமுக்கும் போய்ச் சேர வேண்டும். "இன்னும் ஒரே ஒரு சிறுத்தை" என்று நாம் பிடித்துவைக்கிற அரை மணி நேரத்தை அவர் ரோட்டில்தான் ஈடுகட்டுகிறார். தயவுசெய்து அவரை அந்த நிலைக்குத் தள்ளாதீர்கள்.

வயதானவர்களைப் பின்சக்கரத்துக்கு மேலேயோ பின்னாலேயோ உட்காரவைக்காதீர்கள், குலுக்கல் முழுவதும் அங்கேதான் இறங்கும். முன்வரிசை அவர்களுக்கு. மாதவிடாய் நின்ற பெண்கள் கிளம்புவதற்கு முன் எலும்பு அடர்த்தி பார்த்துக்கொள்வது நல்லது. எலும்பு மெலிந்திருந்தால் அருஷாவிலிருந்து செரோனெராவுக்குச் சிறு விமானம் போகிறது, சுமார் ஒரு மணி நேரம்தான். செலவு அதிகம், ஆனால் அறுவை சிகிச்சையை விடக் குறைவு. காப்பீட்டில் விமான மீட்பு, அதாவது அடிபட்டவரை விமானத்தில் மருத்துவமனைக்குக் கொண்டுபோவது, உண்டா என்று ஊரிலேயே படித்துப் பாருங்கள்.

குலுக்கலுக்குப் பிறகு நடுமுதுகிலோ இடுப்புக்கு மேலேயோ வலி வந்து, நின்றால் கூடி, படுத்தால் குறைந்தால் அதைச் சுளுக்கு என்று நீங்களே முடிவு செய்யாதீர்கள், எக்ஸ்ரே எடுங்கள். கால் மரத்தாலோ சிறுநீர் போகாவிட்டாலோ ஒரு மணி நேரம்கூடக் காத்திருக்கக் கூடாது.

அப்புறம், ஏறியதும் பெல்ட்டைத் தேடுங்கள். பல வண்டிகளில் கொக்கி மெத்தை இடுக்கில் புதைந்திருக்கும், கை விட்டு வெளியே எடுங்கள். இல்லை என்றால் வேறு வண்டி கேளுங்கள், கிளம்புவதற்கு முன்பே. வேகம் கூடினால் "போலே போலே" என்று சொல்லுங்கள். சுவாஹிலி மொழியில் மெதுவாக என்று அர்த்தம், அங்கே எந்த டிரைவருக்கும் புரியும்.