ஒரு எதிர்ப்புரோட்டானுக்கு ஏன் ஆறு பங்கு ஆற்றல்?

பாளையங்கோட்டையிலிருந்து பன்னிரண்டாம் வகுப்பு மாணவி ஒருவர் கேட்கிறார்: "புரோட்டானின் நிறை 93.8 கோடி எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலுக்குச் சமம். எதிர் மின்னூட்டம் கொண்ட அதன் ஜோடியான எதிர்ப்புரோட்டானுக்கும் அதே நிறைதான். அப்படியிருக்க அதை உண்டாக்க அமெரிக்காவின் பெர்க்லியில் பெவட்ரான் என்ற துகள் முடுக்கி இயந்திரத்தை ஏன் 620 கோடி எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலுக்குக் கட்டினார்கள்?"

அருமையான கேள்வி. எதிர்ப்புரோட்டானைத் தனியாக உண்டாக்க முடியாது. மின்னூட்டக் கணக்கும் பேரியான் எண் கணக்கும் (புரோட்டானுக்கு +1, எதிர்ப்புரோட்டானுக்கு −1) நேராக வேண்டுமென்றால் கூடவே ஒரு புரோட்டானும் பிறக்க வேண்டும். ஆக 187.6 கோடி. சரி, மிச்சம் எங்கே போனது?

உந்தம்தான் அதை விழுங்குகிறது. பெவட்ரானில் பாய்ந்து வரும் புரோட்டான், செப்புத் தகட்டில் சும்மா இருக்கும் புரோட்டானை மோதும். மோதுவதற்கு முன் முன்னோக்கி இருந்த உந்தம் மோதிய பிறகும் அப்படியே இருந்தாக வேண்டும். எனவே பிறக்கும் துகள்கள் எதுவும் நின்றுவிட முடியாது. ஓடித்தான் தீர வேண்டும். கோடையில் திசையன்விளைப் பக்கம் பையன்கள் நுங்கு வண்டி உருட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். நிற்கிற வண்டியில் இன்னொன்று மோதினால் அதையும் தள்ளிக்கொண்டு போகும், பெரிதாக ஒன்றும் ஆகாது. இரண்டும் ஒரே வேகத்தில் நேருக்கு நேர் வந்தால்? சக்கரமாக இருக்கும் நுங்குக் கூந்தல் உடையும், குச்சி முறியும், இரண்டும் அங்கேயே நிற்கும். வந்த வேகமெல்லாம் உடைப்பதற்கே செலவாகிவிட்டது.

இப்போது கணக்கைப் பாருங்கள், எனக்கு மிகவும் பிடித்த கணக்கு. புரோட்டானின் நிறை ஆற்றலை 1 என்று வைத்துக்கொள்வோம். மோதிய பின் மூன்று புரோட்டான், ஒரு எதிர்ப்புரோட்டான்: மொத்தம் 4. குறைந்தபட்ச ஆற்றலில் நான்கும் ஒட்டிக்கொண்டதுபோல் ஒரே வேகத்தில் போகும். சிறப்புச் சார்பியலின்படி போட்டால், பாயும் புரோட்டானுக்கு 6 பங்கு இயக்க ஆற்றல் தேவை என்று வருகிறது. அதில் புதிய துகள்களுக்குப் போவது 2. மீதி 4 ஓட்டத்துக்கே போய்விடும். ஆறில் இரண்டு! 6 × 93.8 = 562.8 கோடி. அதற்கு மேல் கொஞ்சம் கூடுதலாக வைத்ததுதான் 620 கோடி; எங்கிருந்து வந்தது என்று இப்போது தெரிகிறதா? செப்பு அணுக்கருவுக்குள் புரோட்டான்கள் தாமே அசைந்துகொண்டிருப்பதால் தேவை இன்னும் கொஞ்சம் குறையவும் செய்யும். 1955-இல் எதிர்ப்புரோட்டான் அகப்பட்டது. அதைக் கண்டுபிடித்த செக்ரேக்கும் சேம்பர்லினுக்கும் 1959-இல் நோபல் பரிசு.

ஆற்றல் கூடக்கூட இந்த நஷ்டமும் கூடும். அதனால்தான் ஜெனீவா அருகே செர்ன் ஆய்வகத்தின் 27 கிலோமீட்டர் முடுக்கி வளையத்தில் இரு புரோட்டான் கற்றைகளை எதிரெதிரே விடுகிறார்கள். கற்றைக்கு 6.8 லட்சம் கோடி எலக்ட்ரான் வோல்ட், சேர்ந்து 13.6. நிற்கிற புரோட்டானை மோதி இதே பலனைப் பெற வேண்டுமென்றால், அந்த 13.6-ஐப்போல் 7,000 மடங்குக்கு மேல் ஆற்றல் வேண்டும். (மோதலில் அந்த ஆற்றலைப் புரோட்டானுக்குள் இருக்கும் குவார்க் போன்ற சிறு துகள்கள் பங்கு போட்டுக்கொள்வது தனிக்கதை.)

விண்வெளியிலிருந்து வரும் காஸ்மிக் கதிர்களில் அவ்வளவு ஆற்றலுள்ளவை இல்லாமலில்லை. நம் தலைக்கு மேலே காற்றில் வந்து மோதிக்கொண்டேதான் இருக்கின்றன. 2008-இல் இந்த வளையம் ஓடத் தொடங்கியபோது, கருந்துளை உண்டாகி பூமியை விழுங்கிவிடும் என்று ஒரே புரளி. கோடிக்கணக்கான ஆண்டுகளாக இதைவிடப் பலமாக அடி வாங்கும் பூமிக்கு ஒன்றும் ஆகவில்லையே என்று இயற்பியலாளர்கள் எடுத்துச் சொன்னார்கள். காஸ்மிக் கதிர்கள் காற்றில் மோதுவதால் பிறக்கும் மியூவான்கள் (எலக்ட்ரானைப் போன்ற, ஆனால் அதைவிடக் கனமான துகள்கள்) உள்ளங்கை அகலத்தில் நொடிக்கு ஒன்று வீதம் விழுகின்றன. உலர் பனியும் ஆல்கஹாலும் கொஞ்சம் பொறுமையும் இருந்தால் மேக அறை (துகள் போன வழி மெல்லிய மூடுபனிக் கோடாகத் தெரியும் பெட்டி) செய்து அவற்றின் தடத்தைக் கண்ணால் பார்க்கலாம். ஆண்டு விழாப் பந்தலுக்கு ஆகும் காசில் ஒரு சிறு பகுதி போதும்; நம் மேல்நிலைப் பள்ளிகள் ஏன் இதைச் செய்வதில்லை என்பதுதான் எனக்குப் புரியவில்லை.