காற்றாலை வரமுன்னம் வெள்ளத்தை அளந்து வையுங்கள்

காற்றாலை என்றால் எல்லாரும் அண்ணாந்துதான் பார்க்கிறார்கள். இறக்கை, இரைச்சல், செத்து விழும் பறவை. நான் நில அளவையாளன், தொழில் பழக்கத்தில் எனக்குக் குனிந்து நிலத்தைத்தான் பார்க்க வரும்.

ஒரு மார்கழியில் கரையோரக் கிராமம் ஒன்றுக்கு எல்லைப் பிரச்சினை ஒன்றுக்காகப் போயிருந்தேன். வேலை முடிய ஒரு ஆச்சி கூப்பிட்டு, அடுப்படிச் சுவரில் முழங்கால் உயரத்துக்குப் படிந்திருந்த ஊத்தைக் கோட்டைக் காட்டினா. "தம்பி, முந்தியெல்லாம் மழை விட்டு ரெண்டு நாளில வத்திப்போயிடும். இந்த முறை பதினொரு நாள் நிண்டது." சரி என்று மட்டக்கருவியை வைத்துப் பார்த்தால், காற்றாடிகளுக்குப் போட்ட பாதை ஆச்சியின் முற்றத்தை விட 70 சென்றிமீற்றர் உயரம். கண்ணுக்கெட்டிய தூரத்துக்கு இரண்டே இரண்டு குழாய் மதகு, அதிலும் ஒன்று மணல் மூடிக் கிடந்தது.

பாதையை ஏன் அப்படி உயர்த்துகிறார்கள் என்றால், ஒரு இறக்கையே அறுபது மீற்றருக்கு மேல் நீளம், அதை ஏற்றிவரும் வாகனம் குறுகிய வளைவில் திரும்பாது, அதைத் தூக்கும் பாரந்தூக்கிக்கு மணலில் கால் புதையக் கூடாது. ஆகவே கிரவல் கொட்டி இறுக்கி அகலமாக உயர்த்துகிறார்கள். மன்னார்த் தீவு மாதிரித் தட்டையான நிலத்தில் மழைத்தண்ணீர் வாய்க்காலாக ஓடாது, பரவி நின்று பள்ளத்துக்கு மெல்ல நகர்ந்து வடியும், அதற்குக் குறுக்கே இரண்டடி உயரத்தில் ஒன்று கிடந்தால் அது பாதையல்ல, அணைக்கட்டு. குளக்கட்டோடு வாழ்ந்த வன்னிச் சனத்துக்கு இதை நான் விளங்கப்படுத்தத் தேவையில்லை. தேங்கின தண்ணீர் மலசலகூடக் குழியில் இறங்கி, அங்கிருந்து கிணற்றுக்கு வரும். பிறகு குடத்தோடு அலைவது வீட்டுப் பெண்கள்தான், அந்தக் கணக்கு எந்த அறிக்கையிலும் வருவதில்லை.

காற்று மின்சாரம் வேண்டாம் என்று சொல்ல நான் வரவில்லை. மன்னார்த் தீவில் 2020 மார்கழியில் திறந்த தம்பபவனிக் காற்றாலையில் 30 காற்றாடிகள், 103.5 மெகாவாற், எண்ணெய் எரிக்காமல் வருகிற மின்சாரம் நல்லதுதான். ஆனால் அதே தீவும் அதைச் சுற்றியுள்ள இடங்களும் மத்திய ஆசியாவிலிருந்து வரும் வலசைப் பறவைகளின் வழி. வங்காலைச் சரணாலயம் 2010 முதல் ராம்சர் ஈரநிலம், அதாவது சர்வதேச முக்கியத்துவம் உள்ளதென்று பட்டியலிட்ட ஈரநிலம். அங்கே இறக்கை மட்டுமல்ல, மின்கம்பியும் பறவையைக் கொல்லும், அதைப் பற்றிக் கதைப்பவர்கள் குறைவு. மன்னாரிலும் பூநகரியிலும் வரவிருந்த அதானி நிறுவனத் திட்டத்திலிருந்து அந்த நிறுவனம் 2025 மாசியில் விலகியது. அதே வருடம் புதிய காற்றாலைகளுக்கு எதிராக மன்னார்ச் சனம் றோட்டில் இறங்கியதும் தெரிந்த கதை.

கூட்டங்களில் சனம் தோற்கிற இடம் ஒன்று இருக்கிறது. "முந்தி இப்படி இல்லை" என்று சொல்வார்கள், "ஆதாரம்?" என்று எதிர்ப்பக்கம் கேட்கும், அப்புறம் மௌனம். மீன்பாடு குறைந்ததா, வெள்ளம் கூடியதா, எதற்கும் முன்னைய அளவு கையில் இருக்காது. பொதுவாக 50 மெகாவாற்றுக்கு மேற்பட்ட காற்றாலைக்கு சுற்றாடல் தாக்க மதிப்பீடு வேண்டும், அறிக்கை வெளியானால் கருத்துச் சொல்ல 30 நாள்தான். அந்த 30 நாளில் போய் வெள்ளத்தை அளக்க முடியாது, வெள்ளம் மாரியில்தான் வரும். அதனால் இப்போதே தொடங்குங்கள். ஒவ்வொரு மாரியிலும் தண்ணீர் ஏறின உயரம், வத்தின திகதி, கிணற்று மட்டம், கரைவலையில் பட்ட மீனின் நிறை, ஒரு கொப்பி போதும். பாதை கட்டி முடிந்தபின் நிற்கும் உயரமும் மதகுகளும் குறித்த வரைபடத்தைக் கேளுங்கள், தர மறுத்தால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் சட்டம் இருக்கிறது.

ஆச்சி இப்போது சுவரில் ஆணி அடிக்கிறா, வருடத்துக்கு ஒன்று, பக்கத்தில் கரியால் திகதி. சுவரைக் கழற்றிக் கூட்டத்துக்குக் கொண்டுபோக ஏலாது என்பதால் பேரன் ஃபோனில் படம் எடுத்து வைத்திருக்கிறான்.