பயறுக்குப் பக்கத்தில் எள்ளு

புறக்கோட்டையில் பலசரக்குக் கடை வாசல்களில் பயறு மூட்டையும் எள்ளு மூட்டையும் அருகருகே வாய்திறந்து நிற்கும். 2021இல் இலங்கையில் இரசாயனப் பசளை இறக்குமதிக்குத் தடை வந்து விவசாயிகள் தவித்தபோது, இந்த இரண்டும் வயலிலும் அருகருகே நின்றால் என்ன என்ற கேள்வி என்னைப் பிடித்துக்கொண்டது. வெள்ளவத்தையில் மொட்டைமாடித் தொட்டியொன்றில், வவுனியாவிலிருந்து வந்த மண்ணில், வரிசை மாற்றி விதைத்தேன்.

35ஆம் நாள் ஒரு பயற்றஞ்செடியைப் பிடுங்கிக் கழுவினேன். வேரெங்கும் மிளகைவிடச் சிறிய முடிச்சுகள். ஒன்றை நகத்தால் கீறினேன், உள்ளே இளஞ்சிவப்பு. நம் இரத்தத்தின் ஈமோகுளோபினுக்கு உறவான புரதம் தரும் நிறம் அது. முடிச்சுக்குள் குடியிருக்கும் பற்றீரியாக்கள் காற்றின் நைதரசனை அமோனியாவாக மாற்றுகின்றன. கூலியாகச் செடி சீனி கொடுக்கிறது. ஆனால் அந்த மாற்றத்தைச் செய்யும் நொதியம் ஒட்சிசன் பட்டால் கெட்டுவிடும். பற்றீரியா சுவாசிக்கவோ ஒட்சிசன் வேண்டும். அந்தச் சிவப்புப் புரதம் ஒட்சிசனைப் பிடித்துவைத்து அளந்து கொடுக்கிறது. தொழிற்சாலையில் 400 பாகை செல்சியசுக்கு மேல் சூடாக்கி, பெரும் அழுத்தம் கொடுத்துச் செய்வதை இந்தக் குருமணி குளிர்ந்த மண்ணுக்குள் செய்கிறது!

அப்படியானால் பயறு எள்ளுக்குப் பசளை ஊட்டுகிறதா? பலரும் அப்படித்தான் நம்புகிறார்கள். இரண்டும் சேர்ந்து நிற்கும்போது பயற்றிலிருந்து அயல் வேருக்குப் போகும் நைதரசன் மிகக் கொஞ்சமே. பயறு தன் தேவையின் பெரும்பங்கைக் காற்றிலிருந்து எடுத்துக்கொள்வதால், மண்ணில் உள்ள நைதரசன் எள்ளுக்கு மிஞ்சுகிறது. பங்காளிச் சண்டை குறைகிறது, அவ்வளவுதான். நைதரசன் பசளையான யூரியாவை அள்ளிப் போட்டால் பயறு முடிச்சு வைப்பதையே குறைத்துவிடும்.

வெயிலிலும் பங்கீடு உண்டு. எள்ளு நிமிர்ந்து உயரும்; பயறு தாழப் படர்ந்து களையை அடக்கும், ஈரத்தைக் காக்கும். பயறு ஏறக்குறைய 65 நாளில் முற்றிவிட, எள்ளுக்கு இன்னும் சில வாரம் முழு இடமும் கிடைக்கும்.

இலாபத்தை அளக்க எளிய வழி உண்டு. கலப்பு வயலில், தனிப்பயிரில் வருவதில் 70 வீதம் பயறும் 50 வீதம் எள்ளும் கிடைத்ததாக வைத்துக்கொள்வோம். கூட்டினால் 120. அதே விளைச்சலைத் தனித்தனியே எடுக்க 20 வீதம் கூடுதல் நிலம் வேண்டும். வரிசைகள் நெருங்கினாலோ தண்ணீர் தேங்கினாலோ இந்தக் கணக்குப் பொய்த்துவிடும். எள்ளு வேர் தேங்கிய நீரைத் தாங்காது.

காய் பறித்தபின் மிச்சப் பயற்றஞ்செடிகளை நான் பிடுங்கவில்லை, அடியோடு அறுத்தேன். வேர் மண்ணிலேயே உக்கட்டும். அடுத்து அங்கே கத்தரி வைக்கப்போகிறேன்.