டியூனிங் கீ வாங்கும் முன் ஓட்டையை அளந்துவிடுங்கள்

கிட்டாரில் சுருதி நிற்கவில்லை என்றால் பழி முதலில் கம்பியை முறுக்கிச் சுருதி சேர்க்கும் டியூனிங் கீயின் தலையில்தான் விழும். கோட்டாறு சவேரியார் திருவிழாவுக்கும் கிறிஸ்துமஸ் கேரலுக்கும் குழுக்கள் தயாராகும் நவம்பரில், "லாக்கிங் கீ மாட்டித் தாங்க" (கம்பியைத் தண்டிலேயே பூட்டிப் பிடிக்கும் கீ) என்று கொண்டுவரப்படும் எலக்ட்ரிக் கிட்டார்கள் பலவற்றில் பழைய கீ ஒழுங்காகவே வேலை செய்துகொண்டிருக்கும். கோளாறு வேறிடத்தில் இருக்கும்.

கீயின் உள்ளே இருப்பது வார்ம் கியர். குமிழைத் திருகினால் கம்பி சுற்றிய தண்டு சுழலும். ஆனால் கம்பி தண்டை எவ்வளவு இழுத்தாலும் குமிழ் திரும்பாது. பல் உடைந்தாலோ மோசமாகத் தேய்ந்தாலோ தவிர, கீ தானாகப் பின்னால் சுற்றிக்கொள்ள வழியில்லை. ஆகவே பணம் செலவழிக்கும் முன் மூன்று இடங்களைப் பாருங்கள்.

முதலாவது நட், அதாவது கழுத்தின் தலைப்பக்க முனையில் கம்பிகள் உட்காரும் வெட்டுகள் கொண்ட பட்டை. ஒரு கம்பியைச் சுருதி சேர்த்து, 12-ஆம் ஃப்ரெட் பக்கம் நன்றாக பெண்ட் செய்துவிட்டு (பக்கவாட்டில் இழுத்துவிட்டு) மறுபடி மீட்டுங்கள். சுருதி இறங்கியிருந்தால், நட்டுக்கும் கீக்கும் இடையிலுள்ள கம்பியை விரலால் ஒருமுறை அழுத்தி விடுங்கள். சுருதி பழைய இடத்துக்கு வந்துவிட்டதென்றால் கம்பியைப் பிடித்து வைத்திருந்தது நட்டின் வெட்டு. பிரிட்ஜை அசைக்கும் ட்ரெமலோ கையைக் கீழே அழுத்தி விட்டபின் சுருதி ஏறி நின்றாலும், டியூன் செய்யும்போது 'டிங்' என்று ஒரு சத்தம் வந்தாலும் சந்தேகம் அங்கேயே. மெல்லிய 9-42 கம்பி செட் ஓடிய நட்டில் தடித்த 10-46 செட் மாட்டியவர்களுக்கு இது அடிக்கடி வரும். மாட்டும் கம்பியைவிடச் சற்று மெல்லிய பழைய கம்பித் துண்டில் 600 நம்பர் உப்புத்தாள் சுற்றி, வெட்டின் பக்கச் சுவர்களை மட்டும் இரண்டு மூன்று தடவை இழுத்துவிட்டு, பென்சில் கரியைத் தேய்த்தால் போதும். அடிப்பகுதியைத் தொடாதீர்கள், வெட்டு ஆழமானால் திறந்த கம்பி முதல் ஃப்ரெட்டில் இடித்து இரையும்.

இரண்டாவது, கம்பியைச் சுற்றியிருக்கும் விதம். மேலே மெல்லிய கம்பி சுற்றிய தடித்த கம்பிக்கு இரண்டு மூன்று சுற்று, வெறுங்கம்பிக்கு மூன்று நான்கு சுற்று, ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் கீழ்நோக்கி இறங்க வேண்டும். மாட்டியதும் கம்பியை ஃப்ரெட் பலகையிலிருந்து மெல்லத் தூக்கி இழுத்து, மீண்டும் சுருதி சேர்த்து, இறங்காத வரை இதையே செய்ய வேண்டும். புதுக் கம்பி போட்ட மாலையே ஆராதனைக்கு எடுத்துப் போய்விட்டுக் கீயைத் திட்டுவது நியாயமில்லை. மூன்றாவது, தண்டைச் சுற்றி முன்பக்கத்தில் இறுக்கும் மரை புஷ். தண்டை விரலால் ஆட்டிப் பாருங்கள். பெரும்பாலும் 10 மி.மீ. ஸ்பேனரால் கால் திருப்பு இறுக்கியதுமே ஆட்டம் நின்றுவிடும்.

இறுக்கிய பிறகும் தண்டு ஆடுகிறது, சுருதியை மேலே ஏற்றும்போதே விட்டுவிட்டுக் குதிக்கிறது, ஓர் இடத்தில் சிக்கி நிற்கிறது, உள்ளே துரு ஏறிவிட்டது: இவற்றில் ஒன்று இருந்தால் தாராளமாக மாற்றுங்கள். குமிழைப் பின்னோக்கித் திருப்பும்போது சிறிது வெற்றுச் சுழற்சி இருப்பது மட்டும் குற்றமில்லை. எப்போதும் கீழிருந்து மேலேற்றிச் சுருதி சேர்க்கும் பழக்கம் இருந்தால் அது தெரியவே தெரியாது.

இனி அளவு. படத்தைப் பார்த்து ஆர்டர் போட்டுவிட்டு, வந்த பிறகு மாட்ட முடியாமல் கையில் வைத்திருப்பவர்கள் ஏராளம். ஒரு கீயைக் கழற்றி ஹெட்ஸ்டாக் (கிட்டாரின் தலை) ஓட்டையை வெர்னியரால் அளங்கள். பழைய க்ளூசன் வகையில், அடித்து ஏற்றிய புஷ் இருக்கும்; ஓட்டை 8.7 மி.மீ. அளவில் இருக்கும். க்ரோவர், ஷாலர், கோட்டோ போன்றவற்றின் மரை புஷ் வகைக்கு 10 மி.மீ. வேண்டும். வெர்னியர் இல்லையென்றால் 10 மி.மீ. ட்ரில் பிட்டின் தண்டுப் பக்கத்தைக் கையால் நுழைத்துப் பாருங்கள். முன்பக்கம் மட்டும் அளந்து விட்டுவிடக் கூடாது. முன்னால் அகலமாகவும் பின்னால் குறுகலாகவும் இருக்கும் இரட்டை அளவு ஓட்டைகளும் உண்டு.

பெரிய ஓட்டையில் சின்னக் கீ மாட்டுவது சுலபம்; அதற்கென்று மாற்று புஷ் விற்கிறது. சின்ன ஓட்டையைப் பெரிதாக்குவதில்தான் ஹெட்ஸ்டாக்குகள் பாழாகின்றன. கை ட்ரில்லில் சாதாரண 10 மி.மீ. பிட்டை மாட்டி ஏற்கெனவே இருக்கும் ஓட்டையில் இறக்கினால், பிட் விளிம்பைக் கவ்விப் பிடித்து லாக்கர் பூச்சை இலை இலையாகப் பெயர்த்துவிடும். கூம்பு ரீமரால் முன்னாலிருந்து பாதி, பின்னாலிருந்து பாதி என்று கையாலேயே திருகி விரிப்பதுதான் பத்திரம். அதைவிடப் பத்திரம், ஓட்டைக்குப் பொருந்துகிற கீயை வாங்குவது.

பின்பக்கத்தையும் பாருங்கள். க்ளூசன் வகைக்குத் தகட்டின் இரு முனையிலும் ஸ்க்ரூ. க்ரோவர் ரோட்டோமேட்டிக்குக்கு ஒரு மூலையில் ஒரே ஸ்க்ரூ. ஃபெண்டர் பாணி புதியவற்றுக்கு ஸ்க்ரூவே இல்லாமல் இரண்டு பின் (சிறு முளை). புதுத் துளை போட மனமில்லாதவர்களுக்கு ஹிப்ஷாட் நிறுவனம் யூ.எம்.பி. என்ற தகடு தருகிறது. கிட்டாரின் வகையைச் சொல்லி வாங்க வேண்டும். ஆறு கீயும் ஒரே வரிசையா, மூன்றுக்கு மூன்றா என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். தலைகீழ் ஹெட்ஸ்டாக்குக்கு இடதுகை செட்தான் பொருந்தும்.

கியர் விகிதத்தைப் பற்றி விளம்பரங்கள் அதிகம் பேசும். 14:1 என்றால் குமிழை 14 தடவை திருகினால் தண்டு ஒரு சுற்று. 6 மி.மீ. தண்டில் குமிழின் ஒரு திருப்புக்குச் சுமார் 1.3 மி.மீ. கம்பி ஏறும், 18:1-இல் சுமார் 1 மி.மீ. நுணுக்கமாகச் சேர்க்க 18:1 வசதிதான். சுருதி நிற்பதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

லாக்கிங் கீயின் உண்மையான லாபம் இரண்டு: சுற்றுகளின் தளர்வு போய்விடும், கம்பி மாற்றுவது விரைவாகும். ட்ரெமலோ உபயோகிப்பவர்களுக்கு நல்ல முதலீடு. ஃப்ளாய்ட் ரோஸ் வகை ட்ரெமலோ இருந்தால் நட்டிலேயே பூட்டு இருப்பதால் வீண். எடையையும் யோசியுங்கள். எஸ்ஜி வடிவக் கிட்டாரில் கனமான செட் மாட்டினால் கழுத்து கீழே சரியும். தண்டின் உயரம் படிப்படியாகக் குறையும் ஸ்டாகர்ட் வகை, சாய்வில்லாத ஃபெண்டர் பாணித் தலைக்கு மட்டுமே.

குளச்சல், முட்டம், கன்னியாகுமரி எனக் கடலோரத்தில் இருப்பவர்கள் மூடிய கூடுள்ள டைகாஸ்ட் வகையை எடுப்பது நல்லது. திறந்த கியரில் உப்புக்காற்றும் தூசியும் சேர்ந்து பசையாகிவிடும். தங்க முலாம் மேடை வெளிச்சத்தில் அழகுதான், ஆனால் வியர்வைக்கு முதலில் தேய்வது அதுதான், குரோம் தாங்கும்.

மாட்டும்போது: கம்பிகளைத் தளர்த்தியே வெட்டுங்கள். கழற்றும் வரிசை: பின்பக்க ஸ்க்ரூ, பிறகு முன் புஷ், அதன்பின் கீ. பழைய அடி-புஷ்ஷை ஸ்க்ரூடிரைவரால் நெம்பாதீர்கள், லாக்கர் பிளக்கும். சால்டரிங் அயர்ன் முனையைச் சில விநாடி புஷ்ஷில் வைத்துச் சூடேற்றி, பின்னாலிருந்து ஓட்டைக்குள் நுழையும் மரக்குச்சியால் மெல்லத் தட்டினால் நேராக வெளியே வரும்.

புதுக் கீகளை நுழைத்து, புஷ்ஷைக் கையால் மட்டும் இறுக்கி, எல்லாக் கூடுகளின் பின்விளிம்பிலும் ஓர் இரும்பு ஸ்கேலை வைத்து வரிசை பாருங்கள். நேரானதும் ஸ்க்ரூ இடத்தைக் குத்தூசியால் குறியுங்கள். பின் வகையானால் பின் முனையில் துளி லிப்ஸ்டிக் தடவி அழுத்தினால் துளையிடும் புள்ளி மரத்திலேயே பதிந்துவிடும். பழைய துளை அரைகுறையாகக் குறுக்கே வந்தால், மூங்கில் பல்குத்தியில் ஃபெவிகால் தடவி அடைத்து, மட்டமாக வெட்டிவிட்டுப் பிறகு துளையுங்கள். ஒரு நாள் காய வேண்டும். தென்மேற்கும் வடகிழக்கும் இரண்டு மழையும் பெய்யும் குமரி மாவட்டம் இது; மழைக்காலத்தில் இரண்டு நாள் விடுங்கள்.

2 மி.மீ. ஸ்க்ரூவுக்கு மேப்பிள் கழுத்தில் 1.6, மகாகனியில் 1.5 மி.மீ. பிட். ஆழத்துக்கு பிட்டில் ஒரு துண்டு டேப் சுற்றிக்கொள்ளுங்கள். மறந்தால் முன்பக்கம் எட்டிப் பார்க்கும். இந்த வேலையில் அதிகம் நடக்கும் விபத்து ஸ்க்ரூ தலை முறிவது. காரணம் சின்னத் துளை, காய்ந்த மரம், மென்மையான ஸ்க்ரூ. ஸ்க்ரூ மரையை மெழுகுதிரியில் தேய்த்து, கை ஸ்க்ரூடிரைவரால் அரைத் திருப்பு முன்னே, கால் திருப்பு பின்னே என்று இறக்குங்கள். திருகக் கடினமானால் நிறுத்திவிட்டுக் கழற்றித் துளையைப் பெரிதாக்குங்கள். முறிந்துவிட்டால் அதைச் சுற்றிக் குடைந்து எடுத்து, மரக்குச்சி அடைத்து மறுபடி துளைப்பதைத் தவிர வழியில்லை.

புஷ்ஷைக் கடைசியாக இறுக்குங்கள். வாஷர் சுழலாமல் நின்றதும் போதும். அதற்கு மேல் போனால் வாஷரைச் சுற்றி லாக்கரில் முடி போன்ற கீறல் ஓடும். லாக்கிங் கீயில் கம்பியை நேராக நுழைத்து, இறுக இழுத்துப் பிடித்து, பின்பக்கச் சக்கரத்தை விரல் பலத்தில் மட்டும் பூட்டி, ஒரு சுற்றுக்குள் சுருதி வரும்படி பாருங்கள். அதில் மூன்று சுற்று சுற்றினால் லாக்கிங் வாங்கியதே வீண். கட்டிங் ப்ளையரால் சக்கரத்தைத் திருகினால் உள்ளிருக்கும் ஊசி வளையும், அல்லது மெல்லிய முதல் கம்பி (E) அங்கேயே அறும்.

மரம் சற்று அமுங்குவதால் இரண்டு வாரம் கழித்து புஷ்களை ஒருமுறை சரிபாருங்கள். குமிழ் நுனி ஸ்க்ரூ இருக்கும் வகையில் அது குமிழ் திரும்பும் இறுக்கத்தை மாற்றுவதற்கு மட்டும். கழன்றுவிடாமல் இருந்தால் போதும். மூடிய கூட்டுக்கு எண்ணெய் விட வேண்டாம். பழைய செட்டை ஸ்க்ரூவோடு ஒரு கவரில் போட்டு, கிட்டாரின் பெயரை எழுதி வையுங்கள். விற்கும்போது வாங்குபவர் முதலில் கேட்பது அதைத்தான்.