கைதுக்கான காரணம் எழுத்தில் இருக்கிறதா?

கானாடுகாத்தான் பக்கம் ஒரு வீட்டில் பாகப்பிரிவினைப் பத்திரம் பார்த்துக்கொண்டிருந்தேன். நடுவில் ஆச்சி கேட்டார்: "வக்கீல் தம்பி, உபான்னு ஒரு சட்டமாமே, அதுல பிடிச்சா வெளியவே வர முடியாதாமே?" பேரன் மலேசியாவில் வேலை பார்க்கிறான். ஏதேதோ வாட்ஸ்அப் குழுவில் இருக்கிறானாம். (அங்கேயும் சொஸ்மா என்று ஒரு பாதுகாப்புச் சட்டம் உண்டு, 28 நாள் காவலில் வைக்கலாம்.)

உபா என்பது UAPA, சட்டவிரோத நடவடிக்கைகள் தடுப்புச் சட்டம். வெளியே வர முடியும், ஆனால் லேசில் இல்லை என்றேன்.

நான் காரைக்குடியில் பெரும்பாலும் சொத்து வழக்கும் செக் வழக்கும் பார்க்கிறவன். உபா வழக்கு ஒன்றே ஒன்றில், சீனியருக்கு உதவியாகப் போயிருக்கிறேன். கைதான பையனின் அம்மா மஞ்சள் பையிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டியது இன்னும் கண்ணில் நிற்கிறது. அச்சடித்த படிவம். பெயர், தேதி, நேரம் மட்டும் பேனாவில். "சாட்சிகளைக் கலைக்காமல் இருக்க", "முறையான விசாரணைக்காக" என்ற வரிகளுக்கு எதிரே டிக். அவன் என்ன செய்தான் என்று ஒரு வரி கிடையாது. "இதுல என்னங்க எழுதியிருக்கு?" என்று அந்த அம்மா கேட்டபோது, எங்களிடம் பதில் இல்லை.

2024 மே மாதம் நியூஸ்கிளிக் செய்தித் தளத்தின் நிறுவனர் பிரபீர் புர்காயஸ்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் பிரித்துக் காட்டியது இதைத்தான். டிக் அடிக்கிற வரிகள் யாரைக் கைது செய்தாலும் பொருந்தும். கைதுக்கான அடிப்படை என்பது வேறு. அது அந்த ஒரு ஆளைப் பற்றியது. அதை எழுத்தில் கொடுக்காவிட்டால், உபா வழக்கானாலும் கைதும் ரிமாண்டும் செல்லாது. கைதின் காரணத்தைச் சொல்ல வேண்டும் என்று அரசியலமைப்பின் 22ஆவது பிரிவில் முதலிலிருந்தே இருக்கிறது. எழுதித் தர வேண்டும் என்று வாங்கத்தான் இத்தனை வருஷம்.

இதைச் சொன்னால், "அப்போ குண்டு வைக்கிறவனை விட்டுவிடலாமா?" என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். 1998இல் கோவையில் 58 பேர் செத்ததைப் பார்த்த மாநிலம் இது. கடுமையான சட்டம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆச்சி வீட்டு வளவுக்கு, அதாவது நடு முற்றத்துக்கு, மேலேயே கம்பிவலை இருக்கிறது. திருடன் இறங்க முடியாது, வெயிலும் மழையும் தாராளமாக இறங்கும். தகரம் அடித்து மூடியிருந்தால் இன்னும் பத்திரமாக இருந்திருக்கும்தான். யாரும் அப்படிச் செய்யவில்லை.

மூடினால் என்ன ஆகும் என்பதற்கும் நம்மிடமே கணக்கு இருக்கிறது. ராஜீவ் காந்தி கொலை வழக்கில் 1998 ஜனவரியில் தடா என்ற பழைய பயங்கரவாதத் தடுப்புச் சட்டத்தின் நீதிமன்றம் 26 பேருக்கும் மரண தண்டனை விதித்தது. 1999 மே மாதம் உச்ச நீதிமன்றம் இது தடா குற்றமே ஆகாது என்றது. 19 பேர் வெளியே வந்தார்கள். நாலு பேருக்குத்தான் தூக்கு உறுதியானது. பிறகு அதே வகையில் பொடா என்ற சட்டம் வந்தது. 2002இல் திருமங்கலத்தில் பேசிய பேச்சுக்காக வைகோவே அதில் உள்ளே இருந்தார். 2004இல் பொடாவை எடுத்தார்கள். அதன் முக்கியப் பிரிவுகள் அதே வருஷம் உபாவுக்குள் வந்து உட்கார்ந்துகொண்டன.

உபாவில் ஜாமீன்தான் பெரிய மலை. குற்றச்சாட்டு மேலோட்டமாக உண்மை போலத் தெரிந்தாலே ஜாமீன் கிடையாது. போலீஸ் தருகிற காகிதத்தை அந்தக் கட்டத்தில் நீதிபதி ஆழமாகக் கிளறக் கூடாது என்று 2019இல் தீர்ப்பு. ஒரே ஆறுதல் 2021இல் வந்த நஜீப் தீர்ப்பு. நஜீப் ஐந்து வருஷத்துக்கு மேல் உள்ளே இருந்தவர், இன்னும் 276 சாட்சிகளை விசாரிக்க வேண்டியிருந்தது. வழக்கு இப்படி இழுத்தால் ஜாமீன் தரலாம் என்றார்கள். ஐந்து வருஷம் கழித்துக் கிடைப்பதை ஆறுதல் என்று எழுதவே எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

குடும்பத்தார் கையில் இருப்பது நாள் கணக்கு. 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன்னால் நிறுத்தியாக வேண்டும். 90 நாளில் குற்றப்பத்திரிகை வராவிட்டால், அரசு வழக்கறிஞர் காரணம் காட்டி அறிக்கை தந்து, நீதிமன்றம் ஒப்புக்கொண்டால்தான் காவல் 180 நாள் வரை நீளும். நீட்டிப்பும் இல்லை, குற்றப்பத்திரிகையும் இல்லை என்றால் 91ஆம் நாள் காலையிலேயே டிஃபால்ட் பெயில் (கெடு தவறியதால் கிடைக்கும் ஜாமீன்) மனு போட வேண்டும். மனுவுக்கு முன்னால் குற்றப்பத்திரிகை வந்துவிட்டால் அந்த உரிமை போச்சு. என்ஐஏ (தேசியப் புலனாய்வு முகமை) வழக்கு என்றால் சென்னைப் பக்கம் பூந்தமல்லி நீதிமன்றம். வாய்தாவுக்கு வாய்தா இங்கிருந்து ரயிலேற வேண்டும்.

ஆச்சி எல்லாம் கேட்டுவிட்டு, "அந்தச் சீட்டைத் தமிழ்ல தரச் சொல்லிக் கேக்கலாமா?" என்றார்.

கேட்கலாம் ஆச்சி என்றேன். கைதானவருக்குப் புரிகிற மொழியில், எழுத்தில் தர வேண்டும், அதுவும் எல்லாக் குற்றங்களுக்கும் என்று 2025 நவம்பரில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. உடனே தர முடியாவிட்டாலும், ரிமாண்டுக்கு நிறுத்துவதற்கு இரண்டு மணி நேரம் முன்னாலாவது கையில் இருக்க வேண்டும்.

"ரெண்டு மணி நேரம்" என்று ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டார். அப்புறம் பத்திரத்தில் விட்ட இடத்திலிருந்து படிக்கச் சொன்னார்.