கார்பன் தடம் அளக்கக் கற்பவர்கள் முதலில் போக வேண்டிய இடம் ஸ்டோர் ரூம்

நிறுவனங்களின் கார்பன் தடத்தை, அதாவது அவற்றால் வெளியேறும் பசுமை இல்ல வாயுக்களின் மொத்த அளவைக் கணக்கிடுவதும், அதைச் செய்யப் போகிறவர்களுக்குப் பயிற்சி கொடுப்பதும் என் வேலை. வகுப்புக்கு வருகிறவர்களில் பலர் முதல் நாளே எக்செல் ஷீட்டைக் கேட்பார்கள். கொடுத்துவிடுவேன். அதில் இருப்பது வெறும் பெருக்கல்தான். எவ்வளவு பயன்படுத்தினோம் என்ற எண்ணை உமிழ்வுக் காரணியால் (ஓர் அலகுக்கு எவ்வளவு வாயு வெளியேறும் என்ற எண்) பெருக்க வேண்டும், அவ்வளவுதான். ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் ஏறக்குறைய 2.7 கிலோ கார்பன் டை ஆக்சைடு வெளியேறுகிறது, ஆயிரம் லிட்டருக்கு 2.7 டன். இதைக் கற்க வகுப்பு தேவையில்லை. அந்த ஆயிரம் லிட்டர் எங்கிருந்து வந்தது, எதுவும் விடுபட்டிருக்கிறதா, நாளை சரிபார்க்க வருகிறவருக்கு எதைக் காட்டுவோம்? பயிற்சி தேவைப்படுவது இந்தக் கேள்விகளுக்குத்தான்.

அடிப்படை விதிகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். உலக வளங்கள் நிறுவனமும் நீடித்த வளர்ச்சிக்கான உலக வணிக மன்றமும் சேர்ந்து 2001-இல் வெளியிட்டு, 2004-இல் திருத்திய ஜிஎச்ஜி (பசுமை இல்ல வாயு) புரோட்டோகால்தான் இன்றும் பெரும்பாலோர் பின்பற்றும் வழிமுறை. அது உமிழ்வை ஸ்கோப் என்ற மூன்று பிரிவுகளாகப் பிரிக்கிறது. நம் கொதிகலன், ஜெனரேட்டர், வண்டிகள், ஏசி வாயுக் கசிவு எல்லாம் ஸ்கோப் 1. வாங்கும் மின்சாரம், நீராவி ஸ்கோப் 2. நாம் வாங்கும் பொருள் முதல் நாம் விற்ற பொருள் குப்பைக்குப் போவது வரை மற்றதெல்லாம் ஸ்கோப் 3. ஐஎஸ்ஓ 14064-1 தரமும் இதே வேலைக்கானது. ஆனால் அதன் 2018 பதிப்பு ஸ்கோப் என்று பிரிக்காமல் ஆறு வகைகளாகப் பிரிக்கிறது. உங்கள் நிறுவனம் எதன்படி அறிக்கை தர வேண்டும் என்பதைத் தெரிந்துகொண்டு வகுப்பில் சேருங்கள். இல்லையென்றால் பாதி நேரம் எந்த வகை எந்த ஸ்கோப் என்று பொருத்திப் பார்ப்பதிலேயே போய்விடும்.

நான் அதிக நேரம் எடுத்துக்கொள்வது எல்லை வகுப்பதற்கு. நிறுவனம் என்று நாம் எதைச் சொல்கிறோம்? ஒரு கூட்டு ஆலையில் உங்களுக்கு 40 சதவீதப் பங்கு இருக்கிறது, அன்றாடம் நடத்துவது நீங்கள் என்று வைத்துக்கொள்வோம். பங்கு அடிப்படையில் கணக்கிட்டால் அந்த ஆலையின் உமிழ்வில் 40 சதவீதம் உங்களுடையது. செயல்பாட்டுக் கட்டுப்பாடு அடிப்படையில் 100 சதவீதமும் உங்களுடையது. நடத்துவது மற்றவர் என்றால் அதே அடிப்படையில் உங்கள் ஸ்கோப் 1-இல் அந்த ஆலைக்குப் பூஜ்யம். நிதிக் கட்டுப்பாடு என்று மூன்றாவது வழியும் இருக்கிறது. மூன்றுமே அனுமதிக்கப்பட்டவை. வகுப்பில் ஒரே கற்பனை நிறுவனத்தை மூன்று குழுக்களிடம் கொடுத்து, ஆளுக்கொரு வழியில் போடச் சொல்வேன். மூன்று விடைகளும் ஒன்றுக்கொன்று வெகுதூரம் தள்ளி நிற்கும், மூன்றும் சரியாகவும் இருக்கும். எந்த வழியை எடுத்தோம், ஏன் எடுத்தோம் என்று எழுதி வைப்பதும், எல்லா இடத்துக்கும் எல்லா ஆண்டும் அதையே பின்பற்றுவதும் எவ்வளவு முக்கியம் என்பது அப்போதுதான் மனதில் பதிகிறது.

அப்புறம் தரவு. டீசலையே எடுத்துக்கொள்ளுங்கள். கணக்குப் பிரிவில் இருப்பது வாங்கிய டீசலுக்கான பில். நமக்கு வேண்டியது எரிந்த டீசல். ஆண்டுத் தொடக்கத்தில் டேங்கில் இருந்ததைக் கூட்டி, முடிவில் மிச்சம் இருப்பதைக் கழித்தால்தான் அது கிடைக்கும். ஒரே பில்லில் ஜெனரேட்டருக்கும் வண்டிக்கும் சேர்த்து வாங்கியிருப்பார்கள். அதைப் பிரித்துச் சொல்லக்கூடியவர் ஸ்டோரில் பதிவேடு எழுதுகிறவர் மட்டும்தான். ஒப்பந்தக்காரரின் வண்டிக்கு நம் டேங்கிலிருந்து நிரப்பினார்களா என்பதும் அவருக்குத்தான் தெரியும். மின்சார பில்லிலும் இதுபோல ஒன்று உண்டு. மீட்டர் ரீடிங் எடுக்கும் தேதியும் அறிக்கை ஆண்டு தொடங்கும் தேதியும் பெரும்பாலும் பொருந்தாது. முதல் பில்லையும் கடைசி பில்லையும் நாள் கணக்கில் பிரிக்க வேண்டியிருக்கும். எரிபொருளின் வெப்ப மதிப்பை மொத்தமா நிகரமா (நீராவியோடு போகும் வெப்பத்தைச் சேர்த்ததா, சேர்க்காததா) என்று பார்க்காமல் எடுத்தால் நிலக்கரிக்கும் எண்ணெய்க்கும் சுமார் 5 சதவீதம், இயற்கை எரிவாயுவுக்குச் சுமார் 10 சதவீதம் பிசகும். எந்த ஷீட்டும் இதை எச்சரிக்காது.

அதிகம் விடுபடுவது ஏசி வாயு. புகை இல்லை, மீட்டர் இல்லை, எரிபொருள் பில்லும் இல்லை. பராமரிப்புச் செலவு என்ற தலைப்புக்குள் சத்தமில்லாமல் உட்கார்ந்திருக்கும். ஆர்-410ஏ என்ற குளிர்பதன வாயுவின் புவி வெப்பமாக்கும் திறன், ஐபிசிசி என்ற ஐ.நா. காலநிலை அறிவியல் குழுவின் 5-ஆம் மதிப்பீட்டு அறிக்கைப்படி, கார்பன் டை ஆக்சைடைப் போல 1,924 மடங்கு. ஓர் ஆண்டில் 10 கிலோ கசிந்து மறுபடி நிரப்பியிருந்தால் அது 19 டன்னுக்கு மேற்பட்ட கார்பன் டை ஆக்சைடுக்கு ஈடு. ஏழாயிரம் லிட்டர் டீசலை எரித்ததற்குச் சமம். நூறு லிட்டர் டீசலுக்கு ரசீதைத் தேடி அலைகிறவர்கள் இந்தப் பத்து கிலோவைக் கேட்காமலே விட்டுவிடுகிறார்கள் என்பதுதான் என் பெரிய வருத்தம். ஏசி மெக்கானிக்கிடம் நேரில் பேசுங்கள். எந்த இயந்திரத்தில், எந்த வாயு, எத்தனை கிலோ நிரப்பினார் என்று சர்வீஸ் ரிப்போர்ட்டில் எழுதச் சொல்லுங்கள். 'கேஸ் நிரப்பப்பட்டது' என்ற ஒற்றை வரியை வைத்துக் கணக்குப் போட முடியாது. பழைய ஏசிகளில் உள்ள ஆர்-22 வாயுவுக்கு வேறு விதி. அது கியோட்டோ உடன்படிக்கையின் வாயுப் பட்டியலில் இல்லாததால் ஜிஎச்ஜி புரோட்டோகால்படி ஸ்கோப்புகளுக்கு வெளியே தனியாகக் காட்ட வேண்டும். உயர் மின்னழுத்த சுவிட்ச்கியர் இருக்கும் இடங்களில் சல்ஃபர் ஹெக்சாஃபுளோரைடு என்ற மின்காப்பு வாயு பற்றியும் கேளுங்கள். அதே 5-ஆம் அறிக்கையில் அதன் எண் 23,500.

எந்த அறிக்கையின் எண் என்று நான் விடாமல் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. 4-ஆம் அறிக்கைப்படி ஆர்-410ஏ-யின் எண் 2,088. ஒப்பிடுவதற்காக எடுத்துக்கொண்ட அடிப்படை ஆண்டுக்கு அதையும் இந்த ஆண்டுக்கு 1,924-ஐயும் போட்டால், கசிவு ஒரு கிராம்கூடக் குறையாமலே அந்த வாயுவின் உமிழ்வு 8 சதவீதம் குறைந்ததாகத் தெரியும். யாரும் வேண்டுமென்று ஏமாற்றவில்லை, ஷீட்டைப் புதுப்பித்தார்கள், அவ்வளவுதான். ஆனால் அந்த 8 சதவீதம் ஆண்டறிக்கையில் சாதனையாக அச்சாகிவிடும். காரணி எங்கிருந்து எடுத்தது, எந்த ஆண்டுப் பதிப்பு என்பதற்கு ஒவ்வொரு வரியிலும் ஒரு கட்டம் இருக்கட்டும்.

மின்சாரத்தில் 2015-இல் வந்த ஸ்கோப் 2 வழிகாட்டி இரண்டு எண்களைக் கேட்கிறது. ஒன்று, நீங்கள் இருக்கும் பகுதியின் மின்கட்டமைப்புச் சராசரியை வைத்து. இன்னொன்று, நீங்கள் செய்த ஒப்பந்தங்களையும் வாங்கிய புதுப்பிக்கத்தக்க மின்சாரச் சான்றிதழ்களையும் வைத்து. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் காட்ட வேண்டும். இரண்டாவதை மட்டும் காட்டி 'எங்கள் மின்சார உமிழ்வு பூஜ்யம்' என்று எழுதுவதை நான் ஒப்புக்கொள்வதில்லை. மரம் நட்டோம், கார்பன் கிரெடிட் வாங்கினோம் என்பதும் இந்தக் கணக்கில் கழிக்கிற விஷயம் இல்லை. அவற்றைத் தனியாகச் சொல்லலாம்.

ஸ்கோப் 3-க்கு 2011-இல் தனித் தரம் வந்தது, 15 வகைகள் கொண்டது. முதல் ஆண்டில் பதினைந்தையும் துல்லியமாகப் போட முயல வேண்டாம். எல்லாவற்றையும் தோராயமாக ஒரு முறை மதிப்பிட்டு, பெரிதாகத் தெரியும் இரண்டு மூன்றில் ஆழமாகப் போங்கள். தொடக்கத்தில் பலரும் செலவழித்த தொகையை ஒரு காரணியால் பெருக்குவார்கள். தொடங்குவதற்கு அது சரி. ஆனால் அதே பொருளை அதே அளவு வாங்கி விலை மட்டும் ஏறினாலும் உமிழ்வு ஏறியதாகக் காட்டும். குறைந்த உமிழ்வில் செய்த பொருளைக் கொஞ்சம் கூடுதல் விலைக்கு வாங்கினால், நல்லது செய்ததற்கே கணக்கு மோசமாகிவிடும். பெரிய சப்ளையர்களிடமிருந்தாவது எடைக் கணக்கையும் அவர்களுடைய உமிழ்வுத் தரவையும் கேட்டு வாங்கத் தொடங்குங்கள்.

பயிற்சிக்கு யாரை அனுப்புவது? பெரும்பாலும் சுற்றுச்சூழல் பிரிவிலிருந்து ஒருவரை மட்டும் அனுப்புகிறார்கள். கணக்குப் பிரிவிலிருந்து ஒருவரையும் பராமரிப்பிலிருந்து ஒருவரையும் சேர்த்து அனுப்புங்கள். ரசீது, இருப்பு, ஆண்டு முடிவு, தணிக்கை என்றெல்லாம் பழகிய கணக்காளர்கள் இந்த வேலையை வெகு சீக்கிரம் பிடித்துக்கொள்வதைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். அனுப்பிய ஒருவர் வேலை மாறினால் கணக்கு முழுவதும் அவரோடு போய்விடும் ஆபத்தும் குறைகிறது.

வகுப்பைத் தேர்ந்தெடுக்கும்போது சான்றிதழின் வடிவத்தைப் பார்க்காமல், பயிற்சியில் என்ன கையில் கொடுப்பார்கள் என்று கேளுங்கள். சுத்தமாக அடுக்கிய அட்டவணையா, குறைகளோடு இருக்கும் பில் கட்டா? இரண்டு மாத பில் காணாமல் போன மின்சாரக் கோப்பை வைத்து, இடைவெளியை எப்படி மதிப்பிடுவது, அதை அறிக்கையில் எப்படிச் சொல்வது என்று செய்து பார்க்க வைத்தால் அது நல்ல வகுப்பு. நிறுவனம் தன் ஒரு பிரிவை விற்றாலோ புதிதாக ஓர் ஆலையை வாங்கினாலோ அடிப்படை ஆண்டை எப்படித் திருத்துவது என்று பாடத்தில் இருக்கிறதா பாருங்கள். சரிபார்ப்பவர் ஐஎஸ்ஓ 14064-3-இன்படி வந்து உட்கார்ந்தால் என்னென்ன கேட்பார் என்ற பகுதியும் இருக்க வேண்டும். சேருவதற்கு முன் இந்த மூன்றையும் பயிற்சியாளரிடமே நேராகக் கேளுங்கள். முடிந்தால் உங்கள் நிறுவனத்தின் போன ஆண்டு டீசல் பதிவேட்டையும் ஏசி சர்வீஸ் ரிப்போர்ட்டுகளையும் வகுப்புக்கு எடுத்துப் போய், அங்கேயே கணக்குப் போட்டுப் பாருங்கள்.