ஆறாவதில் சேர்க்கும் முன் எட்டாவது நோட்டைப் பாருங்கள்

மே மாதம் வந்தால் எனக்கு வரும் போன்களில் பாதி ஒரே கேள்விதான். "சார், பையன் அஞ்சாவது முடிச்சுட்டான். பக்கத்துல மூணு கவர்மென்ட் ஸ்கூல் இருக்கு, எதுல போடலாம்?" வட்டார வளமையத்தில் ஆசிரியர் பயிற்றுநர் வேலை எனக்கு. ஒன்றியத்தின் எல்லா நடுநிலைப் பள்ளிகளுக்கும் போய்வருகிறேன். ஆனாலும் போனில் பெயர் சொல்வதில்லை, நேரில் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள் என்பேன்.

போகிறவர்கள் பார்ப்பது புது பெயின்ட், ஸ்மார்ட் போர்டு, 'ஆங்கிலவழி உண்டு' என்ற பலகை. விவரமானவர்கள் ஆசிரியர் எண்ணிக்கையும் கேட்பார்கள். 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டப்படி 6 முதல் 8 வரை 35 பிள்ளைகளுக்கு ஓர் ஆசிரியர். சரி, தலைக்கணக்கு பொருந்திவிடும். அதே சட்டம் அறிவியலுக்கும் கணக்குக்கும் ஒருவர், சமூக அறிவியலுக்கு ஒருவர், மொழிக்கு ஒருவர் வேண்டும் என்றும் சொல்கிறது. ஓட்டை விழுவது இங்கேதான். கணக்கு பட்டதாரி ஆசிரியர் பதிவேட்டில் இருப்பார், ஆள் மாற்றுப்பணியில் வேறு பள்ளியில் இருப்பார். அதனால், "எட்டாவதுக்குக் கணக்கு யார் எடுக்கிறார்? ஜூனிலிருந்து அவரேதானா?" என்று கேளுங்கள்.

ஒரு பள்ளியில், பளபளவென்ற கட்டடம், எட்டாம் வகுப்பு மாணவியின் கணக்கு நோட்டை வாங்கிப் புரட்டினேன். ஆகஸ்ட் வரை சிவப்பு மையில் டிக், தேதி, கையெழுத்து. ஓரிடத்தில் ஓரத்தில், 'குறி ஏன் மாறவில்லை?' அதற்கப்புறம் சிவப்பு மையே இல்லை. இயற்கணிதம் பாதியில் நிற்கிறது, மூன்று பக்கம் வெறுமை, பிறகு வடிவியல். அதில் ஓர் அடித்தல் திருத்தல் கிடையாது, அத்தனையும் கைடைப் பார்த்து எழுதியது. "மிஸ் மாறிப் போயிட்டாங்க சார்" என்றாள். இரண்டு கிலோமீட்டர் தள்ளி ஓட்டுக் கட்டடத்தில் இன்னொரு பள்ளி. அங்கே நோட்டு முழுக்க அடித்தலும் திருத்தலும், பக்கத்திலேயே மறுபடி போட்ட கணக்கும். என் பிள்ளை என்றால் அங்கேதான் சேர்ப்பேன்.

எட்டாவதில் எழுதும் தேசிய வருவாய்வழி படிப்புதவித் தேர்வைப் பற்றியும் கேளுங்கள். பெற்றோர் ஆண்டு வருமானம் 3.5 லட்சத்துக்குள் இருந்து, உதவித்தொகைக்குத் தேர்வானால் ஒன்பதாவதிலிருந்து பன்னிரண்டாவது வரை மாதம் 1,000 ரூபாய். எத்தனை பேர் தேறினார்கள் என்பதைவிட எத்தனை பேரை எழுத வைத்தார்கள் என்பது எனக்கு முக்கியம். கெட்டிக்காரர்கள் நாலு பேரை மட்டும் அனுப்பிவிட்டு போர்டில் பெருமையாக எழுதும் பள்ளிகளும் உண்டு.

கழிப்பறையை இடைவேளையில் பாருங்கள், பூட்டியிருந்தால் சாவி யாரிடம் என்று கேளுங்கள். பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர்தான். அதில் ஓர் அம்மாவைப் பிடித்தால் அரை மணி நேரத்தில் பள்ளியின் வரலாறே வந்துவிடும்.

"எட்டு வரை பிரைவேட், ஒன்பதாவதில் கவர்மென்ட்" என்று கணக்குப் போடுகிறவர்களுக்கு ஒன்று. மருத்துவப் படிப்புக்கு 2020இல் வந்த 7.5 சதவீத உள் ஒதுக்கீடும் கல்லூரிக்குப் போகும் பெண்களுக்கு 2022இல் வந்த புதுமைப்பெண் உதவித்தொகையும் ஆறாவதிலிருந்தே அரசுப் பள்ளியில் படித்ததைப் பார்க்கும். கல்வி உரிமைச் சட்டப்படி கிடைக்கும் இலவச இடத்தில் தனியார் பள்ளியில் எட்டு வரை படித்துவிட்டு வருகிறவர்களுக்கு விலக்கு உண்டு. கட்டணம் கட்டிப் படித்தவர்களுக்கு இல்லை.

இன்னொன்று, மே மாதம் போன் செய்யாதீர்கள், பள்ளி பூட்டியிருக்கும். ஜூனில் போனால் எல்லாப் பள்ளியிலும் நோட்டு புதுசுதான். மார்ச்சில் போங்கள்.